நாகையிலிருந்து போன இரண்டு முருகையன்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் நாகப்பட்டினம் மக்களவைத் தொகுதியைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைப் படித்தேன். அதிலுள்ள அட்டவணையில் 1977-இல் வென்றவர் முருகையன், அடுத்த வரியில் 1980, தாழை மு.கருணாநிதி. நடுவில் எதுவுமே இல்லை. கட்டுரைக்குள்ளும் முருகையன் 1980 வரை உறுப்பினராக இருந்ததாக எழுதியிருக்கிறீர்கள். இது தவறு. நாகையிலிருந்து டெல்லிக்குப் போன முருகையன்கள் இரண்டு பேர்.

1977-இல் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சி சார்பில் வென்றவர் எஸ்.ஜி.முருகையன். கோட்டூர்ப் பக்கத்து மனிதர். பதவியில் இருக்கும்போதே, 1979 ஜனவரியில், படுகொலை செய்யப்பட்டார். அப்போது நான் பத்தாம் வகுப்பு. சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. செய்தி கேட்டு வயலில் நின்ற ஆட்கள் கதிரைப் பாதியில் போட்டுவிட்டுக் கரையேறி வந்து எங்கள் தெருவில் நின்றார்கள். என் அப்பா விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் இருந்தவர். மாநாட்டில் பார்த்துப் பேசிய மனிதரை இப்படி ஆக்கிவிட்டார்களே என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்த ஆண்டே இடைத்தேர்தல் வந்தது. அதே கட்சி, அதே கதிர் அரிவாள் சின்னம். நின்று வென்றவர் கே.முருகையன். தஞ்சாவூருக்கும் 1979-இல் இடைத்தேர்தல் நடந்தது. அங்கே இந்திரா காந்தியே நிற்கப் போகிறார் என்று ஒரு பேச்சு கிளம்பி, பிறகு நின்றுபோனது. அதனால் வெளியூர்க்காரர்களின் கவனமெல்லாம் தஞ்சை மேலேயே இருந்தது. கொலையான உறுப்பினரின் இடத்துக்கு நடந்த தேர்தல் அன்றைக்கே ஓரத்தில் கிடந்தது. இன்று அட்டவணையிலும் அதற்கு இடமில்லை என்றால் எனக்கு மனசு ஆறவில்லை.

இதே குழப்பம் இன்னொரு பெயரிலும் வரும், இப்போதே சொல்லிவிடுகிறேன். 1989, 1996, 1998, 2019 ஆகிய நான்கு முறையும் வென்றவர் எம்.செல்வராசு. 2024 மே மாதம், வாக்குப்பதிவு முடிந்து எண்ணிக்கை தொடங்குவதற்குள் அவர் காலமானார். அந்தத் தேர்தலில் போட்டியிட்டு வென்றவர் வை.செல்வராஜ். கட்சி ஒன்றுதான், ஆள் வேறு.

சரி, பெயர்களைத் திருத்திவிடலாம். கட்டுரையின் முடிவுதான் என்னை இந்தக் கடிதம் எழுத வைத்தது. “கூட்டணிக் காற்று அடிக்கும் பக்கம் சாயும் தொகுதி” என்று எழுதியிருக்கிறீர்கள். 1980, 1991, 2014 தேர்தல்களை மட்டும் வைத்துப் பார்த்தால் அப்படித் தோன்றலாம். 1989-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டின் 39 தொகுதிகளில் 38-ஐ அதிமுக–காங்கிரஸ் அணி அள்ளிக்கொண்டது. மிச்சம் இருந்த ஒன்று நாகப்பட்டினம். திமுக அணியில் வேறு யாருமே தேறாத அந்தத் தேர்தலில் எங்கள் தொகுதி மட்டும் செல்வராசுவை அனுப்பியது. 1998-இல் ஜெயலலிதா அணி 30 இடங்களைப் பிடித்தபோதும் நாகை அந்தப் பக்கம் போகவில்லை. 1967-இல் மாநிலமே திமுக பக்கம் திரும்பியபோது இங்கே வென்றது காங்கிரஸின் சாம்பசிவம். காற்றுக்குச் சாய்கிற ஊரா இது?

1989 நவம்பரில் நான் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஆசிரியை. கிராமத்துப் பள்ளி ஒன்றில் எனக்கு வாக்குச்சாவடிப் பணி. களையெடுப்பு நேரம். வயலில் இறங்குவதற்கு முன்பே ஓட்டுப் போட்டுவிட வேண்டும் என்று விடியும்போதே பெண்கள் வரிசையில் வந்து நின்றுவிட்டார்கள். கூலிக்காகவும் மரியாதைக்காகவும் போராடி வளர்ந்தது இங்குள்ள விவசாயத் தொழிலாளர் சங்கம். 1952-இல் தஞ்சை ஜில்லாவுக்கென்றே குத்தகைதாரர், பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது. 1968 டிசம்பர் 25 இரவு கீழவெண்மணியில் விவசாயத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் குடிசைக்குள் எரிந்து மாண்டார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் மக்களவைத் தேர்தலில், 1971-இல், எம்.காத்தமுத்து மூலம் இந்தத் தொகுதி கம்யூனிஸ்ட் கட்சியின் கைக்கு வந்தது. அப்போது கூட்டணியும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் 1977-இல் அதிமுகவோடு நின்றும் வென்றார்கள், 1989-இல் திமுகவோடு நின்றும் வென்றார்கள். தோள் கொடுத்த கட்சி மாறியது, ஓட்டுப் போட்ட சேரியும் தெருவும் மாறவில்லை. இதை விட்டுவிட்டு வெறும் கூட்டணிக் கணக்கை எழுதினால் அது எங்கள் வரலாறு ஆகாது.

இன்னொன்று. 2004-ஐயும் 2009-ஐயும் அருகருகே வைத்து வாக்குகளை ஒப்பிட்டிருக்கிறீர்கள். 2008 தொகுதி மறுசீரமைப்பில் மன்னார்குடி சட்டமன்றத் தொகுதி நாகையிலிருந்து தஞ்சாவூர் மக்களவைத் தொகுதிக்குப் போய்விட்டது. கீழ்வேளூர் என்று ஒரு புதுத் தொகுதி இங்கே வந்தது. இரண்டு தேர்தலிலும் வென்றவர் ஏ.கே.எஸ்.விஜயன்தான், ஆனால் இரண்டு முறையும் ஓட்டுப் போட்ட ஊர்கள் ஒன்றல்ல. ஒப்பிடுவதானால் இதை ஒரு வரியில் சொல்லியிருக்க வேண்டும். அடுத்த மறுசீரமைப்பு பற்றி எல்லோரும் பேசிக்கொண்டிருக்கிற இந்த நேரத்தில் இது இன்னும் முக்கியம்.

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் உங்கள் பக்கங்களை வெட்டி நோட்டில் ஒட்டிவைக்கிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தையும் ஒட்டிவிட்டார்கள். ஆகவே திருத்தத்தை மூலையில் இரண்டு வரியாகப் போடாமல், 1979 இடைத்தேர்தல், கே.முருகையன் என்ற வரியையும் சேர்த்து அட்டவணையை முழுதாக மறுபடி அச்சிடுங்கள். எஸ்.ஜி.முருகையன் பெயருக்கு எதிரே, பதவியில் இருக்கும்போது கொல்லப்பட்டார் என்பதையும் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
கச்சனம், திருவாரூர் மாவட்டம்.