கடுகளவு விசுவாசம்கூட இல்லை என்று எழுதியிருந்தாயே

அன்பு நண்பா,

ஆண்டவர் நாமத்தில் வாழ்த்துகள். இங்கே எல்லோரும் சுகம். எனக்கு முழங்கால் வலி போவதும் வருவதுமாக இருக்கிறது. சின்னவள் மேற்படிப்புக்குக் கிளம்பிப் போனதிலிருந்து வீடே வெறிச்சோடிக் கிடக்கிறது.

உன் மகனுக்கு மறுபடியும் வலிப்பு வந்தது என்று படித்ததும் மனம் கனத்துப்போனது. அதைவிட, "விசுவாசம் இருந்திருந்தால் பிள்ளை எப்போதோ குணமாகியிருப்பான்" என்று யாரோ உன் முகத்துக்கு நேரே சொன்னார்களாமே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. உன் நிலையில் இருந்த ஒரு தகப்பனிடம் இயேசு அப்படிப் பேசவே இல்லை.

மாற்கு 9ஆம் அதிகாரத்தை எடுத்துப் பார். சிறு வயதிலிருந்தே தீயிலும் தண்ணீரிலும் விழுகிற மகன். சீஷர்களிடம் கொண்டுபோயும் பலனில்லை. அலுத்துப்போன அந்தத் தகப்பன் இயேசுவிடமே "உம்மால் கூடுமானால்" என்று இழுக்கிறான். பிறகு கண்ணீரோடு கத்துகிறான்: "விசுவாசிக்கிறேன் ஆண்டவரே! என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்." விசுவாசமும் அவிசுவாசமும் ஒரே மூச்சில் வருகின்றன. 'முழுசாக நம்பிய பிறகு வா' என்று இயேசு அவனைத் திருப்பி அனுப்பவில்லை. பையனைக் கைபிடித்துத் தூக்கிவிட்டார். இதே சம்பவத்தை மத்தேயு 17இல் படித்தால், கடுகுவிதையளவு விசுவாசம் இருந்தால் மலையும் பெயரும் என்ற வார்த்தை, 'எங்களால் ஏன் முடியவில்லை' என்று கேட்ட சீஷர்களுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அழுதுகொண்டு நின்ற தகப்பனைப் பார்த்துச் சொன்னதல்ல.

இயேசுவிடம் போகக் கடல்மேல் நடந்த சீஷன் பேதுரு தண்ணீரில் அமிழ்ந்தபோதும் அப்படித்தான். "ஆண்டவரே, என்னை ரட்சியும்" என்பதற்குமேல் ஜெபிக்க அவனுக்கு நேரம் ஏது? இயேசு உடனே கையை நீட்டிப் பிடித்தார். "அற்பவிசுவாசியே, ஏன் சந்தேகப்பட்டாய்" என்ற கேள்வியெல்லாம் பிடித்த பிறகுதான். இந்த வரிசையை நான் ரொம்பவே பிடித்துக்கொண்டிருக்கிறேன். காப்பாற்றியது அவன் விசுவாசத்தின் அளவா, நீண்டு வந்த அந்தக் கையா?

கேட்டதெல்லாம் கிடைத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. தன் மாம்சத்தில் முள்ளாய்க் குத்திய வேதனை நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்ட அப்போஸ்தலன் பவுலுக்குக் கிடைத்த பதில், "என் கிருபை உனக்குப் போதும்" என்பது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று யாராவது சொல்வார்களா? அதனால் மாத்திரையை வேளை தவறாமல் கொடு. டாக்டரிடம் போவது அவநம்பிக்கை ஆகாது.

இன்னொன்று. லூக்கா 17இல் கடுகுவிதைப் பேச்சு வேறு இடத்தில் வருகிறது. ஒருவன் ஒரே நாளில் ஏழு தரம் குற்றம் செய்து, ஏழு தரமும் மனஸ்தாபப்பட்டு வந்தால் மன்னித்துவிடு என்கிறார் இயேசு. உடனே அப்போஸ்தலர்கள், "எங்கள் விசுவாசத்தை வர்த்திக்கப்பண்ணவேண்டும்" என்கிறார்கள். மலைத்துப்போய்க் கேட்டிருப்பார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது. அதற்கு, கடுகளவு இருந்தால் காட்டத்தி மரம்கூட வேரோடு பிடுங்கிக்கொண்டு போகும் என்று பதில் வருகிறது. மன்னிக்க முடியாத மனசுக்குத்தான் அந்த வார்த்தை முதலில் போய்ச் சேர்ந்திருக்கிறது.

என் அண்ணன் விஷயம் உனக்குத் தெரியும். சொத்துத் தகராறில் பேச்சு நின்று எத்தனை வருஷம்! போன மாதம் அவருக்குப் போன் செய்தேன். பெரிய ஜெபம் எதுவும் இல்லை. 'ஆண்டவரே, நம்பரை அழுத்தும் வரைக்குமாவது கூட இரும்' என்று மட்டும்தான் கேட்டேன். அவர் எடுத்தார். இரண்டு பேருக்கும் கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை. பிறகு, "சாப்பிட்டாயா?" என்றார். பாகப்பிரிவினை இன்னும் அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவரே கூப்பிடுகிறார்.

உனக்கு ஜெபிக்க வார்த்தை வராத நாளில் அந்தத் தகப்பனின் ஒற்றை வரியைச் சொல்லிவிட்டுத் தூங்கப் போ. அதுவும் ஜெபம்தான். மற்றதை நாங்கள் இங்கே ஜெபித்துக்கொள்கிறோம். உன் மகனின் பெயரைச் சொல்லாமல் எங்கள் வீட்டில் இரவு ஜெபம் முடிவதில்லை.

டாக்டர் மருந்தை மாற்றினாரா, பையன் ராத்திரி ஒழுங்காகத் தூங்குகிறானா என்று அடுத்த கடிதத்தில் எழுது. தங்கச்சிக்கு எங்கள் அன்பைச் சொல்.

இப்படிக்கு,
உன் பழைய தோழன்