பனி வேறு, உறைபனி வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு விளையாட்டுப் பக்கத்தில், 'பனி படிந்த புல்லில் கால் வைத்தால் புல் கருகிவிடும், பனி விலகும்வரை கோல்ப் ஆட்டக்காரர்கள் பொறுத்திருக்க வேண்டும்' என்று எழுதியிருந்தீர்கள். எந்தக் குளிர்நாட்டுச் செய்தியோ!

நான் கோலாலம்பூர் கிளப் ஒன்றில் 31 வருடம் புல் வெட்டியவன். காலை ஐந்தரைக்குப் பெரட்டு, அதாவது ஆள் கணக்கெடுப்பு. இருட்டோடு கிரீனில், அதாவது பந்து விழும் குழியைச் சுற்றி ஒட்ட வெட்டிய புல்லில் ஏறி, நீள மூங்கில் கழியை இரண்டு பக்கமும் வீசிப் பனித்துளியைத் தட்டிவிடுவோம். ஈரம் தங்கினால் பூஞ்சை பிடிக்கும். பிறகுதான் மெஷின். அந்தப் பனியில் மிதித்து மிதித்து என் கால்விரல் இடுக்கெல்லாம் வெந்ததே தவிர, ஒரு புல்லும் கருகவில்லை.

நீங்கள் சொல்வது உறைபனி. புல் பூஜ்யம் டிகிரிக்குக் குளிர்ந்தால்தான் அது வரும். கேமரன் மலையிலேயே 1978-இல் 7.8 டிகிரிவரைதான் இறங்கியது, தங்களுக்குத் தெரியாததா? இலைக்குள் இருக்கும் நீர் உறைந்திருக்கும்போது மிதித்தால் உள்ளே எல்லாம் நொறுங்கிவிடும், வெளியே உடனே தெரியாது. நான் படித்துச் சொல்லவில்லை. 2016 ஜூலையில், அங்கே குளிர்காலம், ஆஸ்திரேலியாவின் கான்பராவில் மகள் வீட்டுக்குப் போனவன், 'நமக்குத் தெரியாத புல்லா' என்று அங்கிருந்த கிரீனில் ஏறிவிட்டேன். வேலைக்காரப் பையன் கத்திக்கொண்டு ஓடிவந்தான். மூன்றாம் நாள் போய்ப் பார்த்தால், என் சப்பாத்துத் தடம் ஒன்பது, பழுப்பாக, வலது கால் கொஞ்சம் வெளியே சாய்ந்தபடி. மகளிடம்கூடச் சொல்லவில்லை.

அங்கே வெயில் ஏறும்வரை ஆட்டக்காரர்கள் காப்பியோடு காத்திருந்தார்கள். நம் டத்தோமார் மின்னல் சங்கு ஊதினாலே பத்து நிமிடம் பொறுக்கமாட்டார்கள்.

இப்போது அதே வேலையில் இருக்கும் என் அக்காள் மகனிடம், உங்கள் செய்தியைக் காட்டி, 'ஏன் பனியில் வெட்டுகிறாய்?' என்று சூப்பர்வைசர் கேட்கிறாராம். பனி காயட்டும் என்று எட்டரைக்கு மெஷினை இறக்கினால் 'பந்து அடிக்கும் நேரத்தில் என்ன சத்தம்?' என்பதும் அவரேதான்.

போன தீபாவளிக்கு முன்பு கோல்ப் திடல்களைப் பற்றி முழுப்பக்கம் போட்டீர்கள். தலைவர் படம், கோப்பை படம், டுரியான் விருந்துப் படம். புல்லை வளர்த்தவனுக்கு ஒரு வரி இல்லை. அதற்கு நான் எழுதிய கடிதமும் வரவில்லை. இடம் இருந்திருக்காது, ராசிபலன் வேறு போடவேண்டுமே.

இனிமேலாவது 'உறைபனி' என்று அச்சிடுங்கள் ஐயா. இரண்டெழுத்துதான் கூடும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புல்வெட்டி,
செந்தூல், கோலாலம்பூர்