கொள்ளையரை எண்ணினீர்கள், மாலுமிகளை?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழில் நம் கடற்படையின் கடற்கொள்ளையர் வேட்டை பற்றிய கட்டுரையைப் படித்தேன். படங்கள் பிரமாதம். ஆனால் 2024 ஜனவரியில் சோமாலியாவுக்குக் கிழக்கே கொள்ளையர் ஏறிய லீலா நார்ஃபோக் கப்பலைப் பற்றிச் சொல்லும்போது, ‘ஐஎன்எஸ் சென்னை வந்து சேரும்வரை மாலுமிகள் பாதுகாப்பு அறையில் நிம்மதியாகக் காத்திருந்தனர்’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறார் உங்கள் கட்டுரையாளர். அவர் எந்தக் கப்பலில் அந்த அறையைப் பார்த்தார் என்று கேட்டுச் சொன்னால் நன்றியுடையவனாவேன்.

நான் சரக்குக் கப்பல்களின் என்ஜின் அறையில் மோட்டார்மேனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்த அறையை நாங்கள் சிட்டாடல் என்போம். யாரும் தனியாகக் கட்டித் தருவதில்லை. பெரும்பாலும் என்ஜின் கன்ட்ரோல் ரூம், இல்லாவிட்டால் சுக்கானைத் திருப்பும் இயந்திரம் இருக்கிற ஸ்டியரிங் கியர் ரூம். ஏடன் வளைகுடாவில் ஒரு ராத்திரி இரண்டு படகுகள் எங்களைத் துரத்தி வந்தபோது ஸ்டியரிங் கியர் ரூமில்தான் அடைந்தோம். என்ஜினை நிறுத்தியாயிற்று, காற்று விசிறியும் நின்றுபோயிற்று. ஹைட்ராலிக் எண்ணெய் நாற்றம், வேர்வை, மூலையில் ஒரு வாளி. அது எதற்கென்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். ஆள் எண்ணிப் பார்த்தால் ஒருவர் குறைவு. டூட்டி முடிந்து குளிக்கப் போயிருந்த, என்ஜினுக்கு எண்ணெய் போடும் ஆயிலர் இடுப்பில் துண்டோடு வந்து கதவைத் தட்டுகிறார். குரல் அவருடையதுதான், பின்னால் துப்பாக்கி நிற்கிறதா என்று யாருக்குத் தெரியும்? கேப்டனும் சீஃப் என்ஜினியரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் திறந்தார்கள். ஒரே ஒரு ஆள் வெளியே சிக்கிக்கொண்டாலும் கமாண்டோக்கள் ஏறமாட்டார்கள் என்பது உள்ளே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். விடிவதற்குள் படகுகள் என்ன காரணத்தாலோ விலகிப் போய்விட்டன. எங்களைத் தேடி எந்தக் கடற்படையும் வரவில்லை. நிம்மதியாம்!

ஊர் திரும்பிய பிறகு இன்னொரு கூத்து. ஆபத்தான கடற்பகுதியில் போகும் நாட்களுக்கு அடிப்படைச் சம்பளம் இரட்டிப்பு, விருப்பமில்லாதவர் வர மறுக்கலாம் என்றெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மறுத்துப் பாருங்கள், அப்புறம் கப்பலுக்கு ஆள் பிடித்துத் தரும் மேனிங் ஏஜென்ட் உங்கள் போனையே எடுக்கமாட்டார். பேங்க்கில் விழுந்த தொகையில் அந்த இரட்டிப்பைக் காணோம். கேட்டதற்கு, ‘கப்பலை யாரும் பிடிக்கவில்லையே’ என்று பதில் வந்தது. பிடித்திருந்தால் தந்திருப்பார்களாக்கும்.

கடற்படையை நான் குறை சொல்லவில்லை. 2024 மார்ச்சில் ருவென் கப்பலை மீட்க ஐஎன்எஸ் கொல்கத்தா 40 மணி நேரம் விடாமல் நின்றதும், இந்தியக் கரையிலிருந்து 2,600 கிலோமீட்டர் தள்ளி நடுக்கடலில் கமாண்டோக்கள் பாராசூட்டில் குதித்ததும் சாதாரண காரியமில்லை. சரணடைந்த கொள்ளையர் 35 பேர் என்று உங்கள் கட்டுரை தலைப்பிலேயே போட்டிருக்கிறது. விமானத்தின் பெயர்கூட இருக்கிறது. 2023 டிசம்பர் 14 முதல் மூன்று மாதம் அந்தக் கப்பலில் பிணையாகக் கிடந்தவர்கள் எத்தனை பேர்? தேடித் தேடிப் பார்த்தேன், கட்டுரையில் இல்லை.

உங்களுக்குத் தெரியாதது இல்லை. 2010 செப்டம்பரில் கொள்ளையரிடம் பிடிபட்ட அஸ்பால்ட் வெஞ்சர் கப்பலில் இருந்த 15 பேரும் இந்தியர்கள். 2011 ஏப்ரலில் பணம் கைமாறிய பிறகும் 8 பேரைத்தான் விட்டார்கள். நம் கடற்படை பிடித்து இந்தியச் சிறையில் இருந்த தங்கள் ஆட்களை விட்டால்தான் மற்ற 7 பேரையும் விடுவோம் என்றார்கள். அந்த ஏழு பேர் வீடு வந்து சேர 2014 அக்டோபர் கடைசி ஆயிற்று. கடற்படையின் வெற்றிக்கு வட்டி கட்டியவர்கள் அவர்கள். அவர்களுக்கு உங்கள் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லை. ஆனால் 2008 நவம்பரில் ஐஎன்எஸ் தபார், கொள்ளையர் தங்கள் சிறு படகுகளுக்குத் தளமாக வைத்திருக்கும் ஒரு ‘தாய்க்கப்பலை’ மூழ்கடித்தது மட்டும் முதல் சாதனையாக இடம்பெற்றிருக்கிறது. அது கொள்ளையர் பிடித்து வைத்திருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல், அதில் பிணைக்கைதிகள் இருந்தார்கள், பல நாள் கடலில் மிதந்து ஒரே ஒரு கம்போடியர் பிழைத்தார் என்ற சேதி சில நாளிலேயே வந்துவிட்டதே. முதலில் சுட்டது கொள்ளையர்தான் என்று கடற்படை சொன்னது, சரி. அதையாவது சேர்த்து எழுதியிருக்கலாமே.

பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. லீலா நார்ஃபோக்கில் இருந்தவர்கள் 21 பேர், அதில் 15 பேர் இந்தியர். ருவெனில் மீட்கப்பட்டவர்கள் 17 பேர், பல்கேரியா, மியான்மர், அங்கோலா நாட்டவர். இதை அடுத்த இதழில் ஒரு திருத்தமாகப் போடுங்கள். போன முறை நான் எழுதிய கடிதத்தை இரண்டு வரியாகச் சுருக்கி சினிமா விமர்சனக் கடிதங்களுக்கு நடுவில் சொருகியிருந்தீர்கள். இதையும் சுருக்கிக்கொள்ளலாம், எண்களில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
முன்னாள் மோட்டார்மேன்,
தூத்துக்குடி