ஆண்டறிக்கை 2024–25: சுவரும் பாத்தியும்

தலைவர், பொருளாளர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கமுங்க.

பொங்கலுக்குக் கோலப் போட்டி நடந்தது. ஆடிப்பட்டத்துக்கு அவரை, பீர்க்கன், புடலை விதைகள் கொடுத்தோம். கோவை வேளாண் பல்கலைக்கழகத் தாவரவியல் பூங்காவுக்கு ஒருநாள் போய்வந்தோம்.

'மாதம் ஒரு வீடு, ஒரு சுவர், ஒரு பாத்தி' திட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். உறுப்பினர்கள் சேர்ந்து மாதம் ஒரு வீட்டுச் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, செடிப் பாத்தியும் போட்டுத் தருவதுதான் அது. முதல் வேலை என் வீட்டு மதிலில் நடந்ததால், சங்கக் காசில் செயலாளர் வெள்ளையடித்துக்கொண்டார் என்று பேச்சு வந்தது. இரண்டு கூட்டங்களில் கேட்டும் வேறு யாரும் சுவர் தர முன்வரவில்லை. சுண்ணாம்பு, காவி, தென்னை நார்க்கழிவு எல்லாம் என் செலவு; ரசீது பொருளாளரிடம் இருக்கிறது. சங்கப் பணத்தில் வாங்கியது வெள்ளையடிக்கும் மட்டை நான்கும் ஒரு பீப்பாயும்தான். அவை சங்கத்துக்கே சொந்தம்.

அது பழைய சுண்ணாம்புக் காரை மதில். முன்பு எமல்ஷன் பெயிண்ட் அடித்து, இரண்டு மழையில் பொருக்குப் பொருக்காக உரிந்துவிட்டது. காரைச் சுவர் ஈரத்தை வாங்கி வெளியே விடும். எமல்ஷன் அதற்கு வழியை அடைத்துவிடும். அதனால் முழுக்கச் சுரண்டினோம். கல் சுண்ணாம்பைத் தண்ணீரில் போட்டு நீற்றி, ஒரு வாரம் ஊறவிட்டு, வேட்டித் துணியில் வடிகட்டினோம். நீறும்போது கொதிக்கும், கண்ணில் தெறித்தால் பார்வைக்கே ஆபத்து. குழந்தைகளைக் கிட்டவே விடவில்லை. சுவரை நனைத்து, வெயில் ஏறும்முன் மெல்லிசாக மூன்று பூச்சு. அடித்தவுடன் தண்ணீர் தெளித்த மாதிரிதான் இருக்கும், காயக் காயத்தான் வெளுக்கும். "சுண்ணாம்பு செவுத்துல புடிக்கலீங்களே" என்று முதல்நாளே திரும்பிப் போனவர்கள் மறுநாள் வந்து பார்த்திருக்கலாம். சுண்ணாம்பில் எல்லாச் சாயமும் நிற்காது. காவி நிற்கும். அடியில் முழ உயரத்துக்குக் காவிப் பட்டை கொடுத்தோம்.

பாத்தியில் என் தவறு ஒன்று உண்டு. மதிலை ஒட்டி இட்லிப்பூ வைத்தேன். நம் மண்ணே சுண்ணாம்பு மிகுந்த சுக்கான் மண். மேலே சுண்ணாம்பும் சொட்டியது. நரம்பு மட்டும் பச்சையாக நிற்க, இளம் இலைகள் மஞ்சளடித்தன. அந்த மண்ணில் செடியால் இரும்புச் சத்தை எடுக்க முடியாது. பிடுங்கித் தொட்டிக்கு மாற்றினேன். அந்த இடத்தில் ஆவாரையும் நித்தியகல்யாணியும் நன்றாக நிற்கின்றன. தொட்டிக்கான நார்க்கழிவை மூன்று முறை அலசி உப்பெடுத்த பிறகே போட்டோம்.

இத்தனைக்கும் வந்த கைகள் ஐந்து. உறுப்பினர்கள் 26 பேர். கல்யாணம், காதுகுத்து, தோட்டத்து வேலை எல்லாருக்கும் உண்டு, எனக்கும் உண்டு. மாதம் 50 ரூபாய் சந்தாவில் பாதிப் பேருக்கு மேல் பாக்கி. பேர் சொல்ல மனமில்லை. வரவு செலவு ஏறக்குறைய சரிக்கட்டியது, கையிருப்பு சொற்பம். விவரம் பொருளாளர் வாசிப்பார்.

கூட்டத்துக்குத் திண்ணை தந்த குடும்பத்தாருக்கும், டீ, பொரி கொடுத்த மகளிர் குழுவுக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு இந்தப் பொறுப்பை வேறொருவர் ஏற்றால் சந்தோஷமாக ஒப்படைப்பேன். அதுவரை வேலையை நிறுத்த எனக்கு மனம் வரவில்லை. கடைசி வீதியில் தனியாக இருக்கும் ஆத்தா ஒருவர், "என்ற ஊட்டுச் செவுத்துக்கும் அடிச்சுத் தருவீங்களா சாமி?" என்று கேட்டிருக்கிறார். போகியன்று பூளைப்பூவும் வேப்பிலையும் ஆவாரம்பூவும் வைத்துக் காப்புக் கட்டும்முன் அந்தச் சுவர் வெளுத்திருக்க வேண்டும். மார்கழிக் கடைசி இரண்டு ஞாயிறும் காலை 6 மணிக்கு அங்கே இருப்பேன். மட்டை நான்கு இருக்கிறது. வாளி மட்டும் கொண்டு வாருங்கள்.

செயலாளர்