தெளித்த உடையும் மடித்த உடையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 2022ஆம் ஆண்டின் ஆடை வடிவமைப்பு பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த தொகுப்பைப் படித்தேன். செப்டம்பர் 30 அன்று பாரிஸ் மேடையில் மாடல் பெல்லா ஹடீட்டின் உடல்மேல் திரவத்தைத் தெளித்தே உருவாக்கப்பட்ட வெள்ளை உடைக்கு அரைப்பக்கம் ஒதுக்கியிருக்கிறீர்கள். ஆகஸ்ட் 5 அன்று தமது 84ஆம் வயதில் மறைந்த ஜப்பானிய ஆடை வடிவமைப்பாளர் இஸ்ஸே மியாகேவுக்கு ஒரு வரி. அதுவும் தவறான வரி.

முதலில் அந்தத் தெளிப்பு உடை. கொபெர்னி என்ற பிரெஞ்சு ஆடை நிறுவனத்தின் மேடையில் அதைத் தெளித்தவர் ஃபேப்ரிகன் நிறுவனத்தின் மானெல் டோரஸ். திரவத்தில் இருப்பவை குட்டை இழைகள், அவற்றைப் பிணைக்கும் பாலிமர், இரண்டையும் சுமந்துவரும் கரைப்பான். உடலில் பட்டதும் கரைப்பான் ஆவியாகி, இழைகள் ஒட்டிப் படலமாகின்றன. ஆவியாகும்போது தோலின் சூட்டையும் எடுத்துக்கொள்வதால் குளிரும். இதில் நெய்த துணிபோல் நீளவாக்கில் ஓடும் பாவு நூலும் இல்லை, குறுக்கே ஓடும் ஊடு நூலும் இல்லை. பிரிந்துவர நூலே இல்லாததால் ஓரம் அடிக்க வேண்டியதில்லை. கத்தரியால் வெட்டியே கால் பக்கப் பிளவு வைத்ததும் அதனால்தான். ஆனால் தெளிப்பு எங்கே மெலிகிறதோ அங்கே இழுவையைத் தாங்கவும் ஆள் இல்லை. மறுபடி கரைத்துப் பயன்படுத்தலாம் என்பது நிச்சயம் பாராட்ட வேண்டியது.

இனி மியாகே. “மடிப்புத் துணியில் தைத்தவர்” என்று படக்குறிப்பு சொல்கிறது. அவர் செய்தது நேர் எதிர். வழக்கமாகத் துணியில் வரிவரியாக மடிப்பெடுத்த பிறகு வெட்டித் தைப்பார்கள். வெட்டிய இடத்தில் மடிப்பு விரியும், தையல் போட்டால் நசுங்கும். அவர் உடையை இரண்டரை முதல் மூன்று மடங்கு பெரிதாக வெட்டி, முழுவதும் தைத்து முடித்து, இரண்டு காகிதங்களுக்கு நடுவே வைத்து வெப்ப அழுத்த இயந்திரத்தில் விட்டார். வெளியே வருவது சரியான அளவில், மடிப்போடு, உடுத்தத் தயாரான உடை. 1993இல் வந்த ‘ப்ளீட்ஸ் ப்ளீஸ்’ வரிசை முழுக்க இந்த முறைதான்.

துணி பாலியெஸ்டர் என்பது இங்கே சிக்கனத்துக்காக அல்ல. சூட்டில் இளகி, ஆறும்போது இருந்த வடிவிலேயே இறுகும் இழை அது. பருத்தியில் எவ்வளவு அழுத்தி மடிப்பெடுத்தாலும் ஒரு நனைப்பில் போய்விடும். தையல் நூலும் பாலியெஸ்டராகவே இருக்க வேண்டும். தையல் விளிம்பை அகலமாக விட்டால் அந்த இடம் தடித்து மடிப்பு கோணும். இதைச் செய்து பார்க்கும் மாணவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான். பருத்திக்கு வைக்கும் சூட்டில் இஸ்திரிப் பெட்டியை வைத்தால் மடிப்பு அழிந்துவிடும், திரும்ப வராது. துவைத்து, நிழலில் உலர்த்தி, பாய்போல் சுருட்டி வைத்தால் போதும்.

படக்குறிப்பையாவது திருத்தி வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஆடை வடிவமைப்புப் பயிற்றுநர்,
திருப்பூர்