சனல் பண்ணினால் மட்டும் போதாது

ஆசிரியருக்கு வணக்கம்.

கர்ப்பம் ஒரு வருத்தம் இல்லைத்தான், சரி. ஆனால் அதைச் சொல்லிச் சொல்லியே எங்கள் வீடுகளில் பார்க்கவேண்டியதைப் பார்க்காமல் விடுகிறார்கள். உலகத்தில் பத்துப் பிள்ளைகளில் ஒன்று 37 வாரம் முடிய முன்பே பிறக்கிறது. கர்ப்பம் என்று உறுதியான பிறகும் 100க்கு 10 முதல் 20 வரை கலைந்து போகின்றன. அநேகமாக முதல் மூன்று மாதத்துக்குள்தான் அது நடக்கும், அதில் ஏறக்குறைய பாதிக்குக் காரணம் கருவின் குரோமோசோம் கோளாறு. பஸ்ஸில் போனதாலோ யாருடைய கண்ணூறாலோ இல்லை. இது தெரியாமல் கலைந்த பிள்ளைக்காகத் தாயையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறோம்.

இதையெல்லாம் விட எனக்குப் பயம் பிரஷரில்தான். 20 வாரத்துக்குப் பிறகு 140/90க்கு ஏறி, சிறுநீரில் புரதமும் போகத் தொடங்கினால் அது வலிப்பு வரைக்கும் கொண்டுபோய் விடலாம். 100 கர்ப்பிணிகளில் 2 முதல் 8 பேருக்கு இது வருகிறது, தொடக்கத்தில் பலருக்கு ஒரு குணங்குறியும் இருக்காது. எங்கள் தொடர்மாடியில் ஒரு கர்ப்பிணிப் பிள்ளைக்கு மோதிரம் கழற்ற முடியாதபடி விரல் வீங்கியிருந்தது, சவர்க்காரம் போட்டும் வரவில்லை. மாமியார், "முதல் பிள்ளைக்கு அப்படித்தான், எனக்கும் வீங்கினதுதானே" என்றார். வீக்கம் சும்மாவும் வரும், உண்மைதான், ஆனால் அன்றைக்கு வந்த அரசாங்க மிட்வைஃப் (மருத்துவிச்சி) மிஸ் பட்டியைச் சுற்றிப் பார்த்தபோது 150/100. அன்றே வார்டில் சேர்த்தார்கள். அதற்கு முந்திய சனலில் (காசு கட்டித் தனியாரிடம் டொக்டரைப் பார்த்தபோது) பிரஷர் நோர்மல்!

முதல் பிள்ளை, இரட்டைப் பிள்ளை, 35 வயதைத் தாண்டியது, உடம்பு நிறை கூடியது, முன்பிருந்தே பிரஷரோ சீனி வருத்தமோ சிறுநீரக வருத்தமோ உள்ளது, தாய்க்கோ சகோதரிக்கோ இது வந்திருப்பது, இரண்டு பிள்ளைகளுக்கு இடையில் பத்து வருடத்துக்கு மேல் போனது, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். போன முறை வந்திருந்தால் சொல்லவே வேண்டாம். அப்படியானவர்களுக்கு டொக்டர்மார் குறைந்த அளவு அஸ்பிரின் கொடுப்பார்கள், ஆனால் அதை 16 வாரத்துக்கு முன் தொடங்கினால்தான் நல்ல பலன். நாள் பார்த்து, ஊருக்குத் தெரியாமல் மறைத்து, ஐந்தாம் மாதம் போய் நின்றால் அந்தச் சந்தர்ப்பம் போய்விடும்.

சீனிக் கதையும் இப்படித்தான். தெற்காசியப் பெண்களுக்குக் கர்ப்பகாலச் சீனி வருவதற்கான வாய்ப்பு கூட, குடும்பத்தில் யாருக்கும் இருந்தால் இன்னும் கூட. ஆனால் சீனி பார்க்கக் குளுக்கோஸ் குடிக்கச் சொன்னால், மூன்று நாளைக்கு முன்பே சோற்றை நிறுத்தி 'நல்ல ரிப்போர்ட்' எடுக்கப் பார்க்கிறவர்களை எனக்குத் தெரியும். யாரை ஏமாற்றுகிறார்களோ!

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் மாசம் ஒருமுறை பெரிய டொக்டரைச் சனல் பண்ணினால் போதும் என்று நினைக்கிறார்கள், மிட்வைஃபிடம் பதிவதை வசதி இல்லாதவர்கள் செய்யும் வேலையாகப் பார்க்கிறார்கள். சனல் பண்ணுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒரு சனலுக்கும் அடுத்ததற்கும் இடையில் படியேறி வந்து பார்க்கிறவர் அந்த மிஸ்தான், அதுவும் காசில்லாமல். வீடு மாறி வந்தவர்களும் கர்ப்பத்தின் எட்டு வாரத்துக்குள் பதிந்துவிடுங்கள்.

பிள்ளை பிறந்த பிறகும் சில வாரங்களுக்கு இந்தப் பிரஷர் ஏறலாம். அந்த நேரம் எல்லோரும் குழந்தையின் மூக்கு யாருடையது என்று பார்த்துக்கொண்டிருப்பார்கள், தாய் தலையிடிக்கிறது என்றால் நித்திரை இல்லாததால் என்று விட்டுவிடுவார்கள். உங்கள் ஞாயிறு பதிப்பில் இராசிபலனுக்குப் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம் போட்டால் நல்லது: விடாத தலையிடி, கண் மங்குதல், வலது விலாவுக்குக் கீழே நோ, திடீரென்று முகமும் கையும் வீங்குதல், இரத்தப்போக்கு, வயிற்றில் பிள்ளையின் துடிப்பு (அசைவு) குறைதல். இதில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும், வாகனம் இல்லாவிட்டால் 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் இலவசமாக வரும்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.