நீ அடிக்காம விட்ட மணி

ஏய்,

பேர் போடல. உனக்குத் தெரியும், ஹாஸ்டல்ல நம்மகூட இருந்த நாலஞ்சு பேருக்கும் தெரிஞ்சிடும், அதுக்கு மேல யாருக்கும் தெரிய வேணாம். போன்லயே பேசலாம்தான், ஆனா நீ ஊரே பாக்குற மாதிரி எழுதின, அதனால நானும் இங்கயே எழுதுறேன். போன்னா நீ "சரி விடு"ன்னுவ, நானும் விட்ருவேன், இத்தனை வருஷமா அப்படித்தானே விட்டு விட்டு வந்திருக்கோம்.

உன் பொண்ணு பட்டம் வாங்கின போட்டோ பாத்தேன். அந்தக் கறுப்பு அங்கிக்குள்ள ஹாஸ்டல் மொட்டை மாடில தலை காயவச்சுட்டு நிக்கிற அதே நீ. ஹார்ட் போட்டேன், கண்ணுகூட லேசா கலங்குச்சு. அப்புறம்தான் கீழ உங்க இலங்கைச் சண்டையைப் பத்தி நீ எழுதியிருந்ததைப் படிச்சேன். "சண்டை வராட்டி என்னை இருபது வயசில கட்டி வச்சிருப்பினம், என்ர மகள் டொக்டர் ஆகியிருக்க மாட்டாள், சண்டையும் எங்களுக்குச் சிலது தந்தது எண்டு சொல்லத்தான் வேணும்."

அடிப்பாவி. இதைத்தானேடி நான் 2001ல சொன்னேன்.

அந்தப் பட்டிமன்றத்தை உனக்கு விவரிக்க வேண்டியதில்ல. பெரும்போர்களால உலகம் பெற்றது அதிகமா இழந்தது அதிகமா, சீட்டு குலுக்கிப் போட்டதுல எனக்கு "பெற்றது" வந்துச்சு. நானா கேட்டு வாங்கல. இதை மறுபடியும் சொல்றேன், ஏன்னா நம்ம செட்ல பாதிப் பேரு நான் கேட்டு வாங்கினேன்னே இன்னும் நினைச்சிட்டு இருக்காங்க. மூணு ராத்திரி மனப்பாடம் பண்ணேன், மனப்பாடம் பண்ண வச்சதே நீதான். கட்டில்ல குப்புறப் படுத்துட்டு என் நோட்டை கைல வச்சுட்டு கேப்ப. அமெரிக்கால வேலையில்லாதவங்க 1939ல எத்தனை சதவீதம்? 17.2. 1944ல? 1.2. "பிழை, முழு வசனமா சொல்லு"ன்னு திருத்துவ. ஃபோர்டு கம்பெனி வில்லோ ரன்ல கட்டின ஃபேக்டரில 1944ல மணிக்கு ஒரு குண்டுவீச்சு விமானம் வெளிய வந்துச்சுன்னதும் நீ சிரிச்ச, "மணித்தியாலத்துக்கு ஒண்டோ, இட்லி அவிக்கிற மாதிரி"ன்னு. அந்த இட்லியை நான் மேடைல சொன்னேன், ஹாலே சிரிச்சுது, ஞாபகம் இருக்கா?

அந்தக் கணக்கு எதுவும் பொய் இல்லடி, இன்னிக்கும் அதான் கணக்கு. பெனிசிலினை ஃப்ளெமிங் 1928லயே கண்டுபிடிச்சுட்டாரு, ஆனா பத்து வருஷத்துக்கு மேல அது லேப்லயே கெடந்துச்சு, ரெண்டாம் உலக யுத்தம் வந்தப்புறம்தான் அரசாங்கம் பணத்தைக் கொட்டுச்சு, அமெரிக்கால பியோரியாங்கற ஊர்ல அழுகின ஒரு முலாம்பழத்துல இருந்த பூஞ்சைலேர்ந்துதான் அதிகமா மருந்து எடுக்க முடிஞ்சுது. உன் அம்மாவுக்கு ஒரு தடவை கால்ல சீழ் வச்சப்ப போட்ட ஊசிகூட அந்த வழில வந்ததுதான். அமெரிக்கால 1944ல போட்ட ஒரே சட்டத்துல 78 லட்சம் சிப்பாய்ங்க திரும்பி வந்து காலேஜ்லயோ தொழில் பயிற்சிலயோ சேந்தாங்க (கறுப்பின சிப்பாய்ங்கள்ல நிறையப் பேருக்கு அந்தக் கதவு முழுசாத் தொறக்கல, அது என் நோட்டுல இல்ல, அப்ப எனக்கும் தெரியாது). பெரிய பணக்காரனோட உச்ச வருமானத்துக்கு 94 சதவீதம் வரி போட்டாங்க, அமைதி காலத்துல எவனாவது ஒத்துக்குவானா? இங்கிலாந்துல குண்டு விழுந்துட்டு இருக்கும்போதே 1942 டிசம்பர்ல, எல்லாருக்கும் அரசாங்கமே பாதுகாப்பு தரணும்னு சொன்ன பெவரிட்ஜ் அறிக்கை வந்துச்சு, 1948 ஜூலை 5ல எல்லாருக்கும் இலவச வைத்தியம். ரேஷன்னு வந்தப்புறம் அங்க ஏழைப் பிள்ளைங்க முன்ன விட ஒழுங்காவே சாப்பிட்டுச்சுங்க. நம்ம ரேஷன் கடையே அந்த யுத்தம் பெத்த பிள்ளைதான், நீங்க இங்க அகதிகள் கேம்ப்ல கார்டை வச்சுட்டு க்யூல நின்னதும் அதே கடைதான்.

நாலாவது நிமிஷம் ஒரு மணி, அஞ்சாவது நிமிஷம் ரெண்டு மணி. பிரின்சிபால் ரூம்லேர்ந்து எடுத்துட்டு வந்த அந்தப் பித்தளை மணி, நேரம் பாத்து அடிக்கிறது உன் வேலை. நாலாவது நிமிஷம் அடிச்ச. நான் வேகமா இங்கிலாந்தை முடிச்சுட்டு நன்றி சொல்ல ரெடியா நிக்கிறேன், அஞ்சாவது நிமிஷ மணி வரல. உன்னைப் பாத்தேன். கை மணி மேலதான் இருந்துச்சு, கண்ணு மேசைல. நடுவரும் ஒண்ணும் சொல்லல. சரி மணி வரலன்னா பேசலாம்னுதானே அர்த்தம், பேசினேன்.

அந்த ரெண்டு நிமிஷம் என் நோட்டுல கிடையாது, நீ என்கிட்ட கேள்வி கேட்டு ஒப்பிக்க வைக்காதது அது மட்டும்தான். ஜப்பான் கதையை எடுத்தேன். 1950ல டொயோட்டா கம்பெனி மூழ்கப் போற நிலைமை, ஆள்குறைப்பு, ஸ்ட்ரைக், ஆரம்பிச்ச கீச்சிரோ ராஜினாமா பண்ணிட்டு வெளிய போயிட்டாரு, அதே ஜூன் மாசம் கொரியால யுத்தம் வெடிச்சுது, அமெரிக்க ராணுவம் டிரக் டிரக்கா ஆர்டர் குடுத்துச்சு, கம்பெனி பொழச்சுது. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. பக்கத்து நாட்டுல சோல் நகரம் ஒரு வருஷத்துக்குள்ள நாலு தடவை கை மாறினதையும் அங்க லட்சக்கணக்குல செத்ததையும் நான் சொல்லல. அதுக்குப் பதிலா கைதட்டல் போதைல ஒரு வரி சொன்னேன். செத்தவங்களை ஒரு தலைமுறை மறந்துடும், கட்டின பாலம் நூறு வருஷம் நிக்கும்னு.

ஹாலே அதிர்ந்துச்சு. முதல் பரிசு எவர்சில்வர் கேரியர், நாலு அடுக்கு.

நீ கீழ இறங்கி வந்து "நல்லாப் பேசினாய்"னு சொன்ன. அவ்ளோதான். ரெண்டு நாள் மெஸ்ஸுக்கு வரல, பீரியட்ஸ்னு நினைச்சேன், வெந்நீர் போட்டுக் குடுத்தேன். அந்த வாரம் உனக்கு ஒரு லெட்டர் வந்திருந்ததும் அதுல யாரைப் பத்தி இருந்துச்சுங்கறதும் எட்டு மாசம் கழிச்சு வேற ஒருத்தி வாயாலதான் எனக்குத் தெரிஞ்சுது. உன் அண்ணனைப் பத்தி இங்க எழுத மாட்டேன். எங்க, எப்படி, எந்தப் பக்கம்னு கேக்க ஒரு கூட்டமே காத்திட்டு இருக்கும், அதுக்கு நான் எடம் குடுக்கப் போறதில்ல.

மன்னிச்சிடு. இதை முன்னாடியே சொல்லியிருக்கணும். சொல்ல வரும்போதெல்லாம் எனக்கு ஒரு கோவமும் கூடவே வந்துடும், அதான் சொல்லல. நீ அந்த மணியை அடிச்சிருந்தா நான் இங்கிலாந்தோட உக்காந்திருப்பேன், அந்த வரி என் வாய்ல வந்தே இருக்காது. லெட்டர் வந்த கையோட எதுக்குடி மணி முன்னாடி வந்து உக்காந்த? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் பேரையே வாபஸ் வாங்கியிருப்பேன். வாங்கியிருப்பேனான்னு இப்ப யோசிச்சா சந்தேகமாத்தான் இருக்கு, எனக்கு அந்தப் பரிசு வேணும்னு இருந்துச்சு. இருந்தாலும் நீ சொல்லியிருக்கணும்.

அந்த கேரியரைத்தான் நீ ஆள் கணக்கெடுக்குற செக்கிங்குக்கு கேம்ப் போறப்பல்லாம் எடுத்துட்டுப் போவ. உன் அம்மா அதுல புட்டும் சம்பலும் கட்டிக் குடுத்து விடுவாங்க, "பிள்ளைக்குக் குடு"ன்னு. அது எதுக்குக் கிடைச்ச பரிசுன்னு அவங்களுக்கு நீ கடைசி வரைக்கும் சொல்லலைனு நினைக்கிறேன். நான் நல்லா வழிச்சு வழிச்சு சாப்பிட்டேன்.

அப்புறம் நான் வாத்தியார் ஆனதும் எதை நடத்தினாலும் இந்தப் பாடத்தை மட்டும் விடல. வருஷா வருஷம் அதே 17.2ஐயும் 1.2ஐயும் போர்டுல எழுதிட்டு, அந்த வேலையில்லாதவங்க எங்க போனாங்கன்னு கேப்பேன். பசங்க ஃபேக்டரிம்பாங்க. பாதி சரி. ஒரு கோடிக்கு மேல ஆளுங்க யூனிஃபார்ம் போட்டுட்டு கணக்கை விட்டே வெளிய போயிட்டாங்களே. சம்பளம் வந்துச்சு சரி, வாங்க என்ன இருந்துச்சு? 1942 பிப்ரவரிலேர்ந்து வீட்டுக்குன்னு ஒரு கார்கூட செய்யல, டயரும் சர்க்கரையும் கறியும் ரேஷன். குண்டு செஞ்சா உற்பத்தில கூட்டுவாங்க, அது விழுந்து ஒரு வீடு போனா எவனும் கழிக்க மாட்டான். அமெரிக்கால செத்தது 4 லட்சம், சோவியத்ல 2.7 கோடி. குண்டு விழாத ஊர்ல உக்காந்துட்டுத்தான் லாபம் பாக்க முடிஞ்சுது.

நம்ம கதையைச் சொன்னா பசங்க இன்னும் அமைதியாயிடுவாங்க. யுத்தம் ஆரம்பிக்கும்போது இந்தியா இங்கிலாந்துக்குக் கடன்பட்ட நாடு, முடியும்போது இங்கிலாந்து நமக்கு 130 கோடி பவுண்டு சொச்சம் தரணும். பாக்க எவ்ளோ பெருமையா இருக்கு? எப்படிச் சேந்துச்சுன்னா, நம்ம துணி, நம்ம இரும்பு, நம்ம தானியம் எல்லாத்தையும் யுத்தத்துக்கு எடுத்துட்டு லண்டன்ல ஒரு நோட்டுல கடன்னு எழுதிக்கிட்டாங்க, இங்க அதை வச்சு ரூபாய் நோட்டை அடிச்சு விட்டாங்க. சாமானை எடுத்தாச்சு, பணத்தைப் பல மடங்கு பெருக்கியாச்சு, விலை எங்க போகும்? 1943ல வங்காளத்துல அரிசி கண்ணு முன்னாடி இருந்தும் வாங்க வழியில்லாம செத்தவங்க 20 லட்சத்துலேர்ந்து 30 லட்சம் வரைக்கும். காரணம் இது ஒண்ணுதான்னு சொல்ல மாட்டேன், பர்மா அரிசி நின்னது, அரசாங்கம் படகைப் பிடுங்கினது எல்லாம் சேந்துதான். ஆனா நம்ம பேர்ல அங்க வரவு ஏறினதும் இங்க வயிறு காஞ்சதும் ஒரே கணக்கோட ரெண்டு பக்கம்.

இதையெல்லாம் நான் யாருக்காக நடத்தினேன்னு நினைக்கிற? உன்கிட்ட நேர்ல சொல்ல தைரியம் இல்லாம வருஷத்துக்கு அறுபது பசங்ககிட்ட மன்னிப்பு கேட்டுட்டு இருந்தேன். இப்ப நீ வந்து கூலா "சிலது தந்தது"ன்னு எழுதுற, ஆயிரம் பேர் கைதட்டுறான், அதே ஹால் மாதிரி.

எரிச்சலா இருந்துச்சுடி, உண்மையைச் சொல்றேன். உங்க வடக்கு மாகாணத்துல மட்டும் ஐம்பதாயிரத்துக்கு மேல குடும்பத்துக்கு பொம்பளைதான் தலைவி. அதையும் யாராவது பெண் முன்னேற்றம்னு எழுதிடுவாங்கன்னு பயமா இருக்கு. அவங்க பொண்ணுங்க போட்டோவுக்கு யாரு ஹார்ட் போடுறா? நீ பொழச்சு வந்தவ, உன் பக்கத்துலேர்ந்து எழுதின, டொயோட்டா மாதிரி.

ஐயோ, இந்தக் கடைசி வரியை அழிச்சிடலாம்னு பாத்தேன். இருக்கட்டும், ஆறாவது நிமிஷத்துல நான் இப்படித்தான்னு உனக்குத் தெரியாததா.

நீ எழுதினதும் பொய் இல்ல. ஊர்ல எந்தெந்த வீட்டுல தண்ணி வாங்கிக் குடிக்க மாட்டாங்கன்னு உன் அப்பாச்சி வச்சிருந்த லிஸ்ட்டு, கேம்ப்ல ஒரே குழாய்னு ஆனதும் காணாமப் போன கதையை நீதான் சொல்லிச் சொல்லிச் சிரிச்ச. "கடல் தாண்டினதில ஒரு மூட்டை குறைஞ்சுது"ன்ன. சொல்ல உனக்கு உரிமை இருக்கு, எனக்கு இல்ல. ஆனா நீ சொன்னதும் எனக்கு முதல்ல வந்தது என்ன தெரியுமா, நிம்மதி. அப்ப நான் சொன்னது சரிதான் போலன்னு ஒரு அரை நிமிஷம். அந்த அரை நிமிஷம் அசிங்கமா இருந்துச்சு, அதான் இவ்ளோ நீளமா எழுதிட்டு இருக்கேன்.

ஒண்ணே ஒண்ணு கேக்கணும். அன்னிக்கு உனக்கு கை மரத்துப் போச்சா, இல்ல நான் எவ்ளோ தூரம் போறேன்னு பாக்கத்தான் அடிக்காம விட்டியா?

இங்க பதில் போடாத. போன் பண்ணு. உனக்குக் காலைல பத்துன்னா எனக்கு ராத்திரி ஏழரை, அப்ப மாமியார் சீரியல் சத்தம் தாங்காது, பதினோரு மணிக்குப் பண்ணு. உன் பொண்ணு ஊருக்கு வந்தா அந்த கேரியரைக் குடுக்கணும்னு எடுத்துத் தேச்சு வச்சேன். ஒரு அடுக்கு எங்கயோ போயிடுச்சு, மூணுதான் இருக்கு.